இடது ஸ்பீக்கரின் பச்சைக் கம்பி

தூத்துக்குடியில் கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்கும் ஜப்பான் செட் எதுவானாலும், பழுதென்றால் சுந்தர்சிங்கின் கைக்குத்தான் வரும். 1976 ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவர் வெங்காய வியாபாரி காசிலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறதாம். வயருக்கு நல்ல முனையாகப் போட்டுத் தர வேண்டும்.

காசிலிங்கம் கடையில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி முத்துக்கனி மட்டும். பிடித்த மழையில் கடல் இருக்கிற திசையே தெரியவில்லை.

செட்டைத் திருப்பிப் பார்த்ததும் சுந்தர்சிங்குக்கு விஷயம் விளங்கிவிட்டது. திருகாணியில் வெறுமனே சுற்றிவிட்ட செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. பையிலிருந்து இரண்டு தினுசு முனைகளை எடுத்து வைத்தார். ஒன்று, துளைக்குள் சொருகுகிற பனானா பின். பார்க்க அழகு, மாட்டிக் கழற்றவும் சுலபம். ஆனால் அதன் ஸ்பிரிங் இந்தக் காற்றுக்கு ஆறு மாதம் தாங்காது. மற்றது கவட்டை மாதிரிப் பிளந்த பித்தளை லக். வயரை அதில் ஈயத்தால் பற்றவைத்துத் திருகாணியை இறுக்கினால் வருஷக்கணக்கில் அசையாது.

"லக்கே போட்டுருதேன் தங்கச்சி."

"அதுக்கு முந்தி அந்த ஸ்பீக்கர்ல காதை வச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி.

"பிளக்கை உருவிட்டேனே. என்ன கேக்கும்?"

"வச்சுப் பாருங்க."

வைத்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண்குரல். "ஆறு பாகம்... ஆறு... அஞ்சரை..." தோணியில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, தண்ணீரின் ஆழம் பார்க்கிறவன் சொல்லும் கணக்கு அது; இரு கை விரித்த நீளம் ஒரு பாகம். சுந்தர்சிங் சட்டென்று தலையை எடுத்துக்கொண்டார்.

"துறைமுகத்து வயர்லெஸ்ஸா இருக்கும். பச்சை பிடிச்ச செம்பு சில நேரம் ரேடியோ மாதிரி இழுக்கும்."

"வயர்லெஸ்ல இங்கிலீஷ்லல்லா பேசுவாவ? இவன் காலையில பன்னெண்டு பாகத்துல ஆரம்பிச்சான். குறைஞ்சுக்கிட்டே வருது." அவள் குரல் இறங்கியது. "தம்பி இன்னைக்குத்தான் கொழும்புத் தோணியில வாரான்."

அவர் பற்றவைக்கும் கோலைச் சூடேற்றினார். காதை வைக்காமலே இப்போது குரல் கேட்டது. "நாலு... மூணரை..." பச்சை முனையை வெட்ட இடுக்கியை எடுத்தார்.

"அவன் சொல்லி முடிச்சிரட்டும் அண்ணாச்சி. பொறவு வெட்டுங்க."

ஆனால் சுந்தர்சிங்கால் பொறுக்க முடியவில்லை. அந்தக் குரல் நின்றால் போதும் என்றிருந்தது அவருக்கு. "மூணு பாகம். வலது பக்கம்..." என்று அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே பச்சை முனையை நறுக்கென்று வெட்டினார்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. லக்கை வைத்துப் பற்றவைத்து, திருகாணியை இறுக்கிப் பாட்டைப் போட்டார். இரண்டு பக்கமும் கணீரென்று பாடியது. முத்துக்கனி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் முத்துக்கனி சொல்லியனுப்பினாள். போனபோது அவள் தம்பி செல்வதுரை கூடத்தில் படுத்திருந்தான். கை கால் எல்லாம் பாறை கிழித்த காயம். தோணி உடைந்து, மிதந்த பலகையைப் பிடித்துக் கரைசேர்ந்தவர்களில் அவனும் ஒருவன். தோணியைச் செலுத்திய தலைவன், தண்டல் மட்டும் திரும்பவில்லை.

"அண்ணாச்சிக்கும் சொல்லுலே" என்றாள் முத்துக்கனி.

"மழையில ஒண்ணும் தெரியலை. எவனோ வள்ளத்துல முன்னால போயி ஆழம் சொல்லுதான்னு நினைச்சோம். எங்களுக்கு இடது கைப்பக்கமாத்தான் சத்தம். ஆளைக் காணோம். தண்டல் அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டுத்தான் தோணியைக் கொண்டுவந்தாரு. கடைசியா மூணு பாகம்னான். வலது பக்கம்னான். அம்புட்டுத்தான், நின்னுபோச்சு."

"பொறவு?" என்றார் சுந்தர்சிங்.

"வலது பக்கம் என்னலேன்னு தண்டல் கத்துனாரு. பதிலே இல்லை. வலது பக்கம் திருப்பச் சொல்லுதான்னு நினைச்சுத் திருப்பிட்டாரு. பாறை அங்கனதான் இருந்துச்சு."

செல்வதுரை கண்ணை மூடிக்கொண்டான். கம்பியை வெட்டிய கதையை முத்துக்கனி தம்பியிடம் சொல்லவில்லை. சுந்தர்சிங் வாசலுக்கு வந்து வெகுநேரம் செருப்பைத் தேடினார். அது காலடியிலேயே கிடந்தது.

மறுநாள் தண்டலின் உடல் கரை ஒதுங்கியது. அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றார் சுந்தர்சிங். எல்லாரும் கலைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். தண்டலின் மனைவி மரியசெல்வி அவரைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள்.

"நீங்க யாருன்னு தெரியலையே."

"ரேடியோ ரிப்பேர் பாக்குதேன்மா."

கம்பியை வெட்டியதைச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரரைத் தெரியுமா?"

அவர் தலை தானாக ஆடியது. ஆமென்றா இல்லையென்றா, அவருக்கே தெரியவில்லை. மரியசெல்வி ஈரச் சேலையோடு கைகூப்பினாள்.

"இந்த மழையில மெனக்கெட்டு வந்தியளே, நல்லாயிருப்பிய" என்றாள்.