துக்க வீட்டில் முதல் கேள்வி

அடுக்கியிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள், தெருமுனையில் வந்து நின்ற காரைப் பார்த்ததும் ஒன்றைக் காலில் போட்டுக்கொண்டாள். இறங்கியது பஞ்சுமிட்டாய்.

அலுவலகத்தில் அந்தப் பெயரை வைத்ததே இவள்தான். குரல் அப்படி; வாயில் வைத்ததும் கரையும். பணக்காரர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த நிறுவனத்தில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். போன மாதம் இளம் தலைவர்கள் பயிற்சிக்கு ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். பஞ்சுமிட்டாயை.

வீட்டில் மட்டும் இவள், "என்னை எடுத்துட்டாங்க" என்று சொல்லியிருந்தாள். பஸ் டிப்போ மெக்கானிக்கான அப்பா அதை டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். நேற்று மதியம் ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து அவரை இழுத்து வெளியே எடுத்தபோது மூச்சில்லை.

உள்ளே அவர் பக்கத்தில் அம்மா. அந்தப் பொய்யோடு.

பயிற்சிக்கான தேர்வே ஒரு நாடகம். வாடிக்கையாளர் இறந்துவிட்டார், துக்க வீட்டுக்கு முதல் தடவை போகிறீர்கள். மேலதிகாரி ஒருத்தி விதவையாக உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குச் சொத்துப் பேச்சே எடுக்கக் கூடாது, போனவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கேட்டால் போதும் என்று குறிப்பெழுதி வைத்தவள் இவள். பஞ்சுமிட்டாய்க்குப் படிக்கக் கொடுத்தவளும் இவள். ஆனால் அந்தப் போலி விதவையின் முன்னால் உட்கார்ந்ததும் இவள் வாய் தானாக, "இறப்புச் சான்றிதழ் வாங்கிட்டீங்களா?" என்றது. இவள் தெருவில் உதவிக்கு வரும் நல்லவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரியைப் பற்றி, "தலைமைக்கான பக்குவம் போதாது" என்று எழுதிவிட்டார்கள்.

பஞ்சுமிட்டாய் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இவள் பின்னாலேயே ஓடினாள்.

"யாரும்மா நீ?"

"உங்க பொண்ணுகூட வேலை பார்க்கிறேம்மா." படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்பா காலையில எத்தனை மணிக்கும்மா எழுந்திருப்பாரு?"

திருடி. என் வீட்டிலேயே வந்து.

நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா உடைந்தாள். "நாலு மணிக்கும்மா. லைட்டே போட மாட்டாரு, இவ தூங்கட்டும்னு. இருட்டுல தடவித் தடவி சட்டையை மாட்டுவாரு. பாதி நாள் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டுத்தான் போவாரு, மனுஷன்..." அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

இருபத்து நாலு வருஷம் அதே அறையில் தூங்கியவளுக்கு இது தெரியாது.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இவளைத்தானே அங்க தலைவரா எடுத்திருக்காங்க? டிப்போல இவரை மேனேஜரம்மாவோட அப்பான்னுதான் கூப்பிடுவாங்களாம்."

பஞ்சுமிட்டாய் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். சொல்லுடி, சொல்லித் தொலை, என்று இவள் பல்லைக் கடித்தாள்.

"ஆமாம்மா. எங்க எல்லாருக்கும் முன்னாடி இவதான்."

துளி தடுமாற்றம் இல்லை. இதற்குத்தான் அவளை எடுத்தார்கள் என்று இவளுக்கு முதல்முறையாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அம்மா பஞ்சுமிட்டாயின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வேற என்னம்மா கேக்கணும்? கேளு."

சுவரோரம் நின்றவள், அம்மாவின் மறுபக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்திவிட்டு அங்கே உட்கார்ந்தாள். அம்மா திரும்பவில்லை.