விரல் தாமதித்த புள்ளிகள்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, டென்னிஸ் மைதானத்தில் நடந்த சூதாட்ட முறைகேட்டைத் தெரிவித்த கோட்டு நடுவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். முறைகேட்டுக்குத் துணைபோன தலைமை நடுவரோ தம் உயர்ந்த நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். குறை இதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று குனிந்து பார்த்துச் சொல்வதே கோட்டு நடுவரின் வேலை. மற்ற நடுவர்கள் அவரைக் 'கோடு' என்றே அழைப்பார்கள். சாப்பாட்டு வரிசையில்கூட வளையாமல் நிற்பார் என்பது அவர்களுடைய கேலி. தலைமை நடுவர் அவருடைய தங்கையின் கணவர். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் அதை வாயால் அறிவித்துவிட்டு, உடனே கையிலுள்ள கருவியில் அழுத்துவது தலைமை நடுவரின் கடமை. அழுத்திய பிறகே பலகையில் எண் மாறும். எங்கெங்கோ இருந்து பந்தயம் கட்டுபவர்களின் திரைகளிலும் மாறும். சில நாள்களாக மாப்பிள்ளையின் வாய் உடனே அறிவித்தது. விரல் மட்டும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு வந்தது. அந்த இடைவெளியில், பார்வையாளர் வரிசையில் தொப்பி அணிந்த ஒருவன் ஆட்டத்தைப் பாராமல் கைப்பேசியை அழுத்திக்கொண்டிருந்தான். முடிந்துபோன புள்ளியின்மேல், முடிவு தெரிந்தே பந்தயம். மேகம் மூடிக் குளிர்ந்த நாளிலும் மாப்பிள்ளை துண்டைத் தேடியபோதுதான் கோட்டு நடுவருக்கு உறைத்தது.

டென்னிஸ் சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னார்.

"உங்க வேலை கோட்டைப் பாக்குறது. நாற்காலியை யாரு பாக்கச் சொன்னா?"

"கண்ணைத் திறந்துதான சார் வெச்சிருக்கேன். பந்துக்கு மட்டும்னு தனியாத் திறக்கத் தெரியல."

"குடும்பத் தகராறை இங்க கொண்டுவராதீங்க. தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நாளைக்கும் வழக்கம்போல வேலைக்கு வரலாம்."

அவர் எழுதவில்லை. செயலாளரின் கண்ணெதிரிலேயே, மேலிடத்து நேர்மைக் கண்காணிப்புப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, தம் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். விசாரிப்பதாக மறுமுனை கூறியது. செயலாளர் அவருடைய அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.

மாலையில் தங்கையும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஒரு புள்ளியாவது தப்பாச் சொன்னேனா மச்சான்? ஜெயிச்சவன் ஜெயிச்சான், தோத்தவன் தோத்தான். இதுல யாரு குடி முழுகிப்போச்சு?"

"வாய் ஒழுங்காத்தான் இருந்துச்சு மாப்ள. விரலைத்தானே வித்துட்டீங்க."

தங்கை செருப்பைக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றாள். "அண்ணே, இவரு வேலை போச்சுன்னா எங்க கதி என்ன? நீ வாபஸ் வாங்கலேன்னா இந்த வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன்."

மிதிக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். சொன்னதைச் செய்துவிடுவது அந்தக் குடும்பத்தின் வியாதி. அவர் குரல் தெளிவாகவே வந்தது.

"நீ வராட்டி நான் வரேன். என் முகத்துல கதவைச் சாத்து, பரவால்ல. வாபஸ் மட்டும் கிடையாது."

மறுநாள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, பார்வையாளராக மைதானத்துக்குள் போனார். தொப்பிக்காரனுக்குப் பக்கத்தில் முழங்கை படும்படி அமர்ந்து, அவனுடைய கைப்பேசியை உற்றுப் பார்த்தார்.

"என்ன பெருசு, என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல தம்பி, ஆட்டம் பாக்க வந்தேன். நீங்களும் பாக்கலாமே. அது அந்தப் பக்கம் நடக்குது."

முதல் புள்ளியை மாப்பிள்ளை அறிவித்தார். கை துண்டை நோக்கி நகர்ந்தது. கண்கள் வரிசையை நோக்கி உயர்ந்தன. அங்கே மச்சான். கை பாதிவழியில் நின்று திரும்பியது. பலகையில் எண் உடனே மாறியது. தொப்பிக்காரன் எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போனான். அவரும் எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போனார்.

விசாரணை பற்றி இன்றுவரை தகவல் இல்லை. தங்கையும் வரவில்லை. அவர் நாள்தோறும் மைதானத்துக்குப் போகிறார். ஆனால் அவர் ஒருவர், மைதானங்களோ பல. உங்கள் மைதானத்திலும் பலகை தயங்கினால், கண்டதைக் கண்டபடி, உங்கள் பெயரோடு தெரிவியுங்கள். தொப்பிக்காரனுக்கு மறுபக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. வந்து அமருங்கள்.