இடப் பக்கத்து விளக்கு

ஸ்டூல் மேல் உட்கார்ந்ததுமே அக்கா இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். முகவாதம் வந்து இரண்டு வருடம். வாயின் இடது ஓரம் இறங்கியது இறங்கியதுதான். அன்றிலிருந்து எந்தப் படத்திலும் அவள் முகம் இல்லை. மகள் பட்டம் வாங்கிய நாளில்கூட முதுகுதான். நாளை மறுநாள் மகள் வேலைக்காக வெளிநாடு போகிறாள். திரும்ப மூன்று வருடம் ஆகும். கையோடு கொண்டுபோக அம்மா படம் வேண்டும் என்று அடம்பிடித்து, சித்தியின் ஸ்டூடியோவுக்கே இழுத்து வந்துவிட்டாள்.

தங்கை விளக்கை வலப் பக்கம் நகர்த்தினாள். அக்காவின் முகத்தைச் சற்றுத் திருப்பினாள். இடது கன்னம் நிழலுக்குள் போனது. வழுக்கைக்கு ஒரு கோணம், இரட்டைத் தாடைக்கு ஒரு கோணம் என்று இருபது வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

"கையை எடுக்கா. தெரியாது."

"தெரியாதுன்னா அப்புறம் மூஞ்சி எதுக்கு? முக்காடு போட்டே எடு."

"அம்மா, கொஞ்சம் வாயை மூடேன்" என்றாள் மகள்.

"மூடினா கோணுதுடி. அதான் பேசிட்டே இருக்கேன்."

தங்கை தனக்கென்று எடுக்கும் படங்கள் வேறு மாதிரி. ஷட்டரை இரண்டு நொடி திறந்து வைத்து, எதிரே இருப்பவரை அசையச் சொல்வாள். மூக்கும் முழியும் கரைந்து அசைவு மட்டும் மிஞ்சும். அதில் வலது எது, இடது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது அக்காவையும் அப்படி அசையச் சொன்னாள்.

"ஆடாம இருன்னு சொல்றதுதானே உன் தொழிலு?"

"இதுக்கு ஆடணும்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். சொன்னபடி செய்தாளா, வேண்டாம் என்றாளா தெரியவில்லை. தங்கை அமுக்கிவிட்டாள்.

திரையில் ஒரு சாம்பல் சுழல். இரண்டு தோடுகளும் வெள்ளைக் கோடுகளாக இழுபட்டிருந்தன.

"ஐயோ, அம்மாவேதான் சித்தி! நான் எதைக் கேட்டாலும் முதல்ல இப்படித்தான் ஆட்டுவாங்க."

அக்கா எட்டிப் பார்த்தாள். "சுவத்துல மாட்டிடாதே. வீடு பத்திக்கிச்சுன்னு ஓடி வந்துருவாங்க."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திரையை இன்னொரு முறை பார்த்தாள். "இதுவும் வேணும். ஆனா அங்க போய் நான் எதைம்மா பார்க்கிறது? இதுல கண்ணே இல்லையே."

அக்கா எழுந்து போய் விளக்கின் கம்பத்தைப் பிடித்தாள்.

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. எங்க வைக்கணும் சொல்லு, நான் வைக்கிறேன்."

அக்காவே இழுத்து இடப் பக்கம் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். கன்னத்துக்குப் போன கை பாதி வழியில் நின்று, மடிக்கு இறங்கியது.

தங்கை கேமராவுக்குள் பார்த்தாள். இறங்கிய உதடு, முழுதும் மூடாத கண், அதன் ஓரத்துக் கசிவு. எல்லாம் தெரிந்தன. 'ஆடாதீங்க' என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ம். சீக்கிரம்" என்றாள் அக்கா.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, மகள் நின்ற இடத்தைப் பார்த்தாள். வலது உதடு மெல்ல மேலேறத் தொடங்கியது. இடது அசையவில்லை. அதன் மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.