தலைவர் கேட்க வேண்டிய கேள்வி

"உங்கப்பா தலைவரா உக்காந்திருக்கிற நகரசபையில போய் நின்னு, என்னைப் புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லப் போறியா?"

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மகள் தையல் இயந்திரத்துக்கு உறையைப் போட்டுவிட்டுத் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

"சொல்லலைன்னா வரி குறையாதும்மா. கடையை மூடிட்டு உங்க வீட்டுப் பின்னறைக்கு வரணும். யாராவது வந்தா மூச்சுக் காட்டாம உள்ளேயே கிடக்கணும்."

"மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்கார்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே!"

"லீவு கிடைக்கலைன்னு எத்தனை வருஷம்தான் சொல்லுவே? லீவு தராத அந்த முதலாளிக்கே இந்நேரம் மனசு இளகியிருக்கும். வழி விடும்மா."

முகப்பில் கடை வைத்த வீடுகளுக்கெல்லாம் நகரசபை அந்த ஆண்டு வரியை இரட்டிப்பாக்கியிருந்தது. ஆதரவற்ற பெண்களுக்குப் பாதி போதும் என்று உறுப்பினர்கள் கேட்டபோது, தலைவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். சலுகை வேண்டுபவள் சபைக்கு நேரில் வரவேண்டும். காப்பாற்ற ஆண் துணை உண்டா என்று தலைவர் கேட்பார். அவள் எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லவேண்டும். இது நீதிமன்றத்தில் நிற்காது என்றார் சபையின் வக்கீல். "மானமுள்ளவ வரமாட்டா. அப்புறம் வழக்கு எங்கேருந்து வரும்?" என்றார் தலைவர். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். தன் மகளும் முகப்பில் கடை வைத்திருப்பவள் என்பது அன்று அவர் நினைவுக்கு வரவில்லை. பின்னறைக்கு வர மறுத்து அவள் தனியாகக் குடியேறிய நாளிலிருந்தே அவர் அவளை நினைப்பதில்லை.

சபை மண்டபத்தின் பின்வரிசையில் சில பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்து முன்னே வந்தவள் மகள்தான். எந்தக் கூட்டத்திலும் கண் திறக்காத 'தூங்குமூஞ்சி' உறுப்பினர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தலைவர் குமாஸ்தா பக்கம் சாய்ந்தார். "நீங்களே கேட்டுடுங்களேன்."

"தலைவர்தான் கேக்கணுங்கய்யா. நீங்க போட்ட விதி."

தலைவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உன்னைக் காப்பாத்த ஆண் துணை உண்டா?"

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டார். தையல்லதான் பொழைக்கிறேன்." அவள் குரல் நடுங்கவில்லை. "அப்பாவும் துணைக் கணக்குலதான் வருவார்னு சொன்னாங்க. அவர் காப்பாத்துறாரான்னு அவரே சொல்லட்டும்."

மண்டபம் முழுவதும் அவரையே பார்த்தது. இல்லை என்றால், பெற்ற மகளைக் கைவிட்டவர் என்று ஊர் பேசும். ஆமாம் என்றால் அவளுடைய சலுகை போய்விடும், கடையும் போய்விடும். அவள் வீட்டுப் படியைக்கூட அவர் மிதித்ததில்லை.

தலைவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "என் மகளை நான்தான் காப்பாத்துறேன்."

"பெத்த தகப்பன்னா இப்படி இருக்கணும்!" என்றார் தூங்குமூஞ்சி.

குமாஸ்தா விண்ணப்பத்தில் 'தள்ளுபடி' என்று எழுதினார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்கள் மேஜையை விட்டு எழவில்லை.

"எனக்குத் துணை இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள். "வரியைக் கட்டிடறேன். எப்பாடு பட்டாவது கட்டுவேன். கடையை மூட மாட்டேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் தலை குனியாமல் நடந்து வெளியேறினாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றார் குமாஸ்தா.

காய்கறிக் கடைக்காரி முன்னால் வந்து நின்றாள். தலைவர் வாயைத் திறந்தார், மூடினார். தண்ணீர் குடித்தார். மறுபடி திறந்தார். கேள்வி வரவில்லை.

காய்கறிக் கடைக்காரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஊரான் பெத்த பொண்ணுங்களைக் கேக்கத்தானே இந்தக் கேள்வியைப் போட்டீங்க? நான் ஊரான் பொண்ணுதான். கூசாம கேளுங்கய்யா."