நோட்டுக்காரி

கணவரின் உதடுகளை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் கையை விலக்கினார்.

“இருபத்தேழு.”

அவருடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ பிடித்தபடி போர்வைக்கு மேல் நின்றன. கண்கள் அவள் வாயையே பார்த்தன.

“என்னங்க வேணும்? தண்ணியா?”

“இருபத்தேழு.”

காலையிலிருந்து இதுதான். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பி இரண்டு நாள் ஆகிறது.

“பஞ்சு அளக்கிறாரும்மா,” என்றாள் மகள். “லேப் ஆன்ட்டியக் கூப்பிடலாம். அவங்களுக்குத் தெரியும்.”

“நோட்டுக்காரியா? முப்பது வருஷம் குடும்பம் நடத்துன எனக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரியும்?”

மகள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

நோட்டுக்காரி மதியம் வந்தாள். மில்லின் ஆய்வகத்தில் இருபது வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்தவள். எண்ணெய் தடவிய கண்ணாடித் தகட்டில் ஒற்றைப் பஞ்சு இழையை இடுக்கியால் நீட்டி வைத்து, லென்ஸில் பார்த்து அவர் நீளத்தை மில்லிமீட்டரில் சொல்வார். அவள் நோட்டில் எழுதுவாள்.

“இருபத்தேழு,” என்றார் அவர்.

“இருபத்தேழு,” என்றாள் நோட்டுக்காரி.

விரல்கள் திறந்தன. அடுத்ததை எடுத்தன.

“முப்பது.”

“முப்பது. திருப்பிச் சொல்லணும்க்கா. சொன்னாத்தான் எழுதியாச்சுன்னு அர்த்தம். இல்லன்னா சார் அதைக் கையிலயே வச்சிட்டிருப்பார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “ஃபேன் கூடாது. மூச்சக்கூட பாத்துத்தான் விடணும். ஒரு தடவை நான் தும்மி, காலைலேருந்து அளந்து வச்சதெல்லாம் பறந்துபோச்சு. சாயங்காலம் வரைக்கும் சிரிச்சார் மனுஷன்.”

மனைவி ஒருமுறை அவருடைய மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்திருக்கிறாள். மூன்று நாள் அவர் பேசவில்லை.

“இருபத்தொம்பது.”

“இருபத்தொம்பது.”

அவர் நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. இரண்டு நாளாக மனைவி தடவிக்கொடுத்தும் போகாத சுருக்கம்.

“போதும். நீங்க வெளியில உக்காருங்க. பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க.”

“பரவால்லக்கா, நான் இங்கயே...”

“உக்காருங்க. ஏய், ஆன்ட்டிக்குக் காபி போடு.”

கதவைச் சாத்தினாள்.

“இருபத்தஞ்சு,” என்றார்.

“இருபத்தஞ்சு.”

விரல்கள் திறக்கவில்லை. சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்கள் கதவுக்குப் போயின. கதவை மறைத்து நின்றாள். அப்போதும் விரல்கள் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, நோட்டுக்காரியைப் போலவே, ஏற்ற இறக்கமில்லாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“இருபத்தஞ்சு.”

விரல்கள் திறந்தன.

அந்தக் குரலிலேயே இன்னும் ஏழெட்டு சொன்னாள். இருபத்தெட்டுக்குப் பிறகு கை போர்வையில் இறங்கியது. மீண்டும் எழவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அவருடைய கண்களைக் கையால் மூடிவிட்டு, ஈரத்துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மகள் உள்ளே ஓடினாள். நோட்டுக்காரி எழுந்து நின்றாள். அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“கடைசியா எவ்வளவுக்கா சொன்னார்?”

“நம்பரெல்லாம் இல்ல. என்னைத்தான் கூப்பிட்டார்.”

நோட்டுக்காரி தலையாட்டினாள். “நல்லதுக்கா.”

காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. மனைவி டம்ளரை எடுத்தாள். விளிம்புவரை நிறைந்திருந்தது. சிந்தாமல் சமையலறைக்குக் கொண்டுபோக மெதுவாக நடக்க வேண்டியிருந்தது.