வலது காலுக்கு எட்டுக் கண்ணி

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். காட்டுமன்னார்கோயிலில் இரண்டு தலைமுறையாக அரிசி ஆலை நடத்திய குடும்பத்தின் மூத்தவனாகிய நான், வைத்திலிங்கம். என் மனைவி அமிர்தம். மூத்த மகன் ஞானசேகரனின் மனைவி சந்திரலேகா. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருந்த ரீட்டா என்ற ஓய்வு பெற்ற நர்ஸ். கடைசியாக, யாரும் எதிர்பாராமல் வந்து நின்ற என் இளைய மகள் கனிமொழி. ஞானசேகரன் அன்று வெளியூர் போயிருந்தான். என் சித்தப்பா மகன் கலியமூர்த்தி அங்கே இல்லவே இல்லை. தான் இருந்ததாகவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவும் அவன் இப்போது சொல்லிக்கொண்டு திரிவதால் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

அதற்கு ஏழு மாதம் முன்பு என் வலது காலில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. செருப்பு கடித்த இடம் வலிக்கவில்லை, அதனால் நான் பார்க்கவில்லை. பார்த்தபோது கறுத்திருந்தது. கடலூரில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தேன். உறவுக்காரர்களிடம் கண் ஆப்பரேஷன் என்று சொன்னோம். கண் ஆப்பரேஷன் ஆனவர் ஏன் காலைச் சாய்த்து நடக்கிறார் என்று கலியமூர்த்தி கேட்டான். கறுப்புக் கண்ணாடியில் படி தெரியவில்லை என்றேன். பெங்களூரில் வேலை பார்க்கும் கனிமொழியிடம் மட்டும் கண் என்று சொல்ல முடியவில்லை, வீடியோவில் முகத்தைப் பார்ப்பாள். காலில் கண்ணாடி குத்தி ஆறி வருகிறது என்றேன்.

பொய் சொல்லிப் பழகியவன் அல்ல நான். ஆனால் அந்த மாதம்தான் அவளுக்குத் திட்டக்குடியில் வரன் பேசி முடித்திருந்தோம். முப்பத்தொரு வயதில் அமைந்த வரன். பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரையில் விரல் போயிற்று என்று தெரிந்தால், குடும்பத்திலேயே இருக்கிறது, நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது யார்?

அதைவிடப் பெரிய சங்கடம் பாத பூஜை. எங்கள் வகையறாவில் தாலி கட்டுவதற்கு முன் மணப்பெண் தன் அப்பா அம்மாவின் கால்களைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் தண்ணீரும் ஊற்றிக் கழுவ வேண்டும். துடைத்துவிட்டு, ஒவ்வொரு விரல் மேலும் சந்தனம் தொட்டு, குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். ஆளுக்குப் பத்து விரல், பத்துப் பொட்டு. என் அக்காவின் கல்யாணத்தில் ஒரு பொட்டு விட்டுப்போனதை நாற்பது வருடம் பேசிய சனங்கள் இவர்கள். இப்போதெல்லாம் மண்டபத்தில் பெரிய திரை வைத்துவிடுகிறார்கள். அறுநூறு பேருக்கும் என் கால் ஜமுக்காளம் அளவுக்குத் தெரியும்.

சாக்ஸோடு உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தால், கடையில் வாங்கிய சாக்ஸ் எனக்கு ஒத்துவரவில்லை. விரல் இல்லாத இடத்தில் துணி மடிந்து, அதன் தையல் தழும்பில் உரசிச் சிவந்தது. சந்திரலேகா கடலூரில் வேலை பார்க்கிறாள். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள் யாரிடமோ விசாரித்து, சர்க்கரைக்காரர்களுக்குத் தையலே இல்லாமல் பருத்தி நூலில் கையால் சாக்ஸ் பின்னுகிற அம்மா ஒருவர் இருக்கிறார் என்றாள். இரண்டு காலையும் செய்தித்தாளில் வைத்து வரைந்து கொடுத்தால் போதுமாம். என் கால் விஷயத்தை வெளியில் சொல்வதில்லை என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தேன். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு இடது காலை மட்டும் வரைந்தேன். அதைக் கத்தரித்து, திருப்பிப் போட்டு, வலது கால் என்று இன்னொன்று வரைந்தேன். இரண்டு தாளையும் மடித்து உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் அந்த அம்மாவே, அதாவது ரீட்டாவே, வந்துவிட்டார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடித்து நேராக பஸ் ஏறியிருக்கிறார். அறுபது வயது இருக்கும். சிறிய உருவம், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் துணிப்பையிலிருந்து சந்தன நிறத்தில் ஒரே ஒரு சாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இடது காலு முடிஞ்சிடுச்சு ஐயா. வலதுக்கு ஆரம்பிக்க முடியல.”

“ரெண்டுக்கும்தான் வரைஞ்சு கொடுத்திருந்தேனே.”

“ஒரே காலத்தான் ரெண்டு தடவ கொடுத்திருந்தீங்க.” என் தாள்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் பிடித்தார். மயிரிழை பிசகவில்லை. “எந்த மனுசனுக்கும் ரெண்டு காலு இப்பிடி இருக்காது. இங்க பாருங்க, கட்டவெரலுகிட்ட எலும்பு பொடச்சிருக்குது. அந்தக் கால்லயும் அதே எடத்துல, அதே அளவு. சாமி படச்ச காலு இல்ல, கத்திரிக்கோலு படச்ச காலு.”

அமிர்தம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சந்திரலேகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அளவைக் கேட்டார்கள், கொடுத்தேன், பின்னுவது உங்கள் வேலை என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சாக்ஸை என் கையில் கொடுத்தார். நான் அதுவரை அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேற்பக்கம் முழுவதும் சிறுசிறு மேடாக, களத்தில் பரப்பிய நெல் மாதிரி இருந்தது. தடவினால் விரலில் மணி மணியாகத் தட்டுப்பட்டது. அடிப்பக்கமும் உள்பக்கமும் வழவழப்பாக இருந்தன. எங்கே ஆரம்பித்திருக்கிறார் என்று தேடினேன். நெல்லைக் கையில் எடுத்தால் ஈரப்பதம் சொல்கிறவன் நான். எனக்கு அந்த ஆரம்பம் தெரியவில்லை.

“வெரலு நுனிதான் ஆரம்பம். பல பேரு மேலேர்ந்து பின்னி வெரலுகிட்ட வந்து தச்சு மூடுவாங்க. தச்ச எடம் உரசும், புண்ணாயிடும். அதுல இன்னொண்ணு, கடசீலதான் வெரலு வரும், அங்க தப்பாப் போச்சுன்னா மொத்தமும் போச்சு. நான் நுனில ஊசிக்கு எட்டுக் கண்ணி போட்டு மேல ஏறுவேன். கால்ல மாட்டிப் பாத்துக்கிட்டே பின்னலாம். சைஸுன்னு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது ஐயா. நாலு வயசுப் புள்ளைக்கும் அந்த எட்டுதான், எருமைக்குன்னாலும் அந்த எட்டுதான். காலு போதும்னு சொல்ற எடத்துல நிறுத்திக்குவேன்.”

“இவருக்கு எருமக் கணக்குலயே போடுங்க,” என்றாள் அமிர்தம்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. ரீட்டாவிடம் என் தேவையைச் சொன்னேன். வலது காலில் சிறிய குறை ஒன்று இருக்கிறது, அது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சாக்ஸை முழுக்காலுக்குப் பின்னி, சுண்டுவிரல் பக்கம் பஞ்சு அடைத்துத் தர வேண்டும். பார்த்தால் ஐந்து விரல் இருப்பதுபோல் இருக்க வேண்டும்.

“பஞ்சு வச்சா மிச்சமிருக்கிற வெரலும் போயிடும்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. இன்றைக்கு அவியல் இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். “எங்க வீட்டுக்காரரு லூர்துசாமி எங்கிட்டயே காட்டல. நான் நர்ஸு, ஒரே வீட்டுல இருக்கேன், எங்கிட்டயே காட்டல. காட்டும்போது முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறந்தான் இந்த ஊசிய எடுத்தேன். இதுவரைக்கும் நூத்திப் பத்து காலு பாத்திருக்கேன் ஐயா. ஒண்ணு கூட பயந்து ஓடுற மாதிரி இல்ல.”

பிறகு பையிலிருந்து ஊசிகளை எடுத்தார். நடுவில் மெல்லிய ஒயரால் இணைந்த இரண்டு ஊசிகள். நூலை இரண்டிலும் மாறி மாறிச் சுற்றி, மேலே எட்டு, கீழே எட்டு என்று கண்ணிகளைப் போட்டுவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காப்பி வந்தது. குடித்தார். சுவரில் என் அப்பாவின் படம் இருக்கிறது, ஆலை திறந்த நாளில் எடுத்தது. அதில் அவர் செருப்பில்லாமல் நெல் அம்பாரத்தின்மேல் நிற்கிறார். அந்தக் கால்களை நான் அதுவரை கவனித்ததில்லை. நான் காலை நீட்டினேன்.

ரீட்டா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். உறவில்லாத பெண்பிள்ளை என் காலைத் தொடுவது எனக்குப் பெருத்த கூச்சமாக இருந்தது. அவருக்கு அது பையிலிருந்து நூலை எடுப்பது போல. தழும்பை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, “சுத்தமா ஆறியிருக்குது,” என்றார். பிறகு பின்ன ஆரம்பித்தார். கட்டைவிரல் பக்கம் மட்டும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். இன்னொரு பக்கத்தை அதன் போக்கில் சரிய விட்டார். முக்கால் மணி நேரத்தில், ஊசிகள் தொங்கிக்கொண்டிருக்க, அதை என் காலில் மாட்டினார். மூன்று விரலுக்கும் ஒரு சரிவுக்கும் என்றே ஒரு வீடு. எங்கும் மடியவில்லை, எங்கும் காலியாக இல்லை.

அந்த நேரத்தில்தான் கனிமொழி உள்ளே வந்தாள். புடவை எடுக்க மறுநாள் வருவதாக இருந்தவள், ரயில் கிடைத்தது என்று ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். ரீட்டா மறுபடி பின்னுவதற்காகச் சாக்ஸை உருவியிருந்தார். என் கால் வெறுமனே இருந்தது.

“கண்ணாடின்னீங்க,” என்றாள்.

நான் வேட்டியை இழுத்துக் காலை மூடினேன்.

“எத்தன நாளாச்சுப்பா?”

“ஏழு மாசம்.”

அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை, அதற்கு நான் நன்றி உடையவன். அம்மாவையும் அண்ணியையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இருவரும் தலைகுனிந்தார்கள்.

“அதுக்குத்தான் பாத பூஜைக்கு சாக்ஸ் போட்டுக்குவேன்னு போன்ல சொன்னீங்களா?”

“டாக்டர் தண்ணி படக்கூடாதுன்னார்னு சொல்லிக்கலாம்,” என்றேன். “சாக்ஸ் மேலேயே பொட்டு வச்சுடு. பத்தும் வச்சுடு.”

“சாக்ஸுக்கெல்லாம் நான் பொட்டு வைக்க மாட்டேன்பா. வேணும்னா கொடியில காயப்போட்டு வைக்கிறேன்.”

சந்திரலேகா சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். திட்டக்குடியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கினேன். தெரியாமல் கட்டிக்கொண்டு பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது நல்ல பதில் அல்ல. கடைசியில் சொன்னேன்: இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு விஷயம் வெளியே போக வேண்டுமென்றால் அது என் வாயிலிருந்துதான் போக வேண்டும். உன் வாயிலிருந்தும் போகக்கூடாது. அவள் பேசாமல் இருந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை, இரண்டு சாக்ஸும் போட்டுக்கொண்டு, ஞானசேகரன் கார் ஓட்டத் திட்டக்குடி போனேன். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் வலது சாக்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கண் ஆப்பரேஷன் என்று சொன்னது பொய். விரல் இரண்டு இல்லை. மறைத்தது நான், என் பெண் அல்ல. இனி உங்கள் முடிவு. கார் வழியெல்லாம் கோத்துவைத்திருந்த நாலு வாக்கியத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

சம்பந்தி என் காலைப் பார்த்தார். மாப்பிள்ளை அருண்பாண்டியன்தான் முதலில் வாயைத் திறந்தார். “கனிமொழி ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டா மாமா.”

என் மகள் என் சொல்லை மீறினாள். அதை இங்கே மறைக்கவில்லை.

“நாலு நாளா இதத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்,” என்றார் சம்பந்தி. “நீங்க வருவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தோம். வந்துட்டீங்க.” பிறகு எழுந்து என்னருகில் வந்து உட்கார்ந்தார். “வரவேற்புல ரெண்டு மணி நேரம் நிக்கணுமே சம்பந்தி, முடியுமா? இல்ல, நாற்காலி போடச் சொல்லட்டுமா?”

நிற்பேன் என்றேன். அவர் மனைவி என் கையிலிருந்த சாக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது என்னா நெல்லு மாதிரியே இருக்குது, எங்க வாங்கினீங்க?” என்றார். அவருக்கும் குதிகால் வெடிப்பு ஜாஸ்தியாம். ரீட்டாவின் போன் நம்பரை ஞானசேகரன் எழுதிக்கொடுத்தான். திரும்பி வருகிற வழியில் விருத்தாசலம் தாண்டும்வரை நான் கனிமொழிக்குப் போன் செய்யவில்லை. தாண்டிய பிறகு செய்தேன்.

கல்யாணம் சிதம்பரத்தில் நடந்து இன்றைக்கு நாற்பது நாள். வரவேற்பில் இரண்டு மணி நேரமும் நின்றேன். மறுநாள் காலை தாம்பாளத்தின் முன் உட்கார்ந்ததும் அமிர்தம் குனிந்து என் சாக்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வீடியோக்காரர் கேமராவை என் முகத்துக்குத் திருப்பினார். “காலை எடுங்க தம்பி, அதுக்குத்தானே வந்திருக்கீங்க,” என்றேன். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் ரீட்டா, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனிமொழி பாலை ஊற்றினாள், தண்ணீரை ஊற்றினாள், துண்டால் விரலிடுக்கெல்லாம் ஒற்றித் துடைத்தாள். அப்படித் துடைக்கச் சொல்லி ரீட்டா பழக்கியிருந்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

அன்று நான் ரப்பர் விரல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்ததாகவும், பத்துப் பொட்டும் வைத்தார்கள் என்றும் கலியமூர்த்தி சொல்கிறான். பொட்டு எட்டு. இடது காலில் ஐந்து, வலது காலில் மூன்று. அவள் வைக்க வைக்க நான் எண்ணினேன்.