இரண்டு முனையிலும் எர்த்

ஒரு பட்டறையில் இரண்டு கெட்டிக்காரிகள் இருந்தால் வேலை இரண்டு மடங்கு நடக்கும் என்று நினைப்பவர்கள் இந்த அண்ணியையும் நாத்தனாரையும் பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணிக்குப் பட்டறையில் சர்க்யூட் அக்கா என்று பெயர், நாத்தனாருக்கு லேத் அக்கா. ஒருத்தி மின்சுற்று போர்டு போடுவாள். இன்னொருத்தி சுழல்கிற தண்டான ஷாஃப்ட்டைக் கடைந்து, அதைத் தாங்கும் பேரிங்கை மாட்டுவாள். இரண்டு பேரும் எலியும் பூனையுமாக நின்று செய்து முடித்தது ஒரு சென்சார். ஷாஃப்ட் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அது எண்ணாகச் சொல்லும். அறுவை சிகிச்சை செய்யும் இயந்திரக் கையின் மணிக்கட்டில் உட்கார வேண்டிய சாமான். அது தடுமாறினால் கத்தியும் தடுமாறும்.

தடுமாறத்தான் செய்தது. மோட்டாரில் மாட்டி ஓட்டினால் போதும், கடைசி இலக்கங்கள் உலையில் கொதிக்கிற அரிசி மாதிரி துள்ளும். இயந்திரக் கம்பெனியின் சோதனைக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். இன்று மத்தியானம் கடைசி முறையாக வருகிறார். இதிலும் தேறாவிட்டால் சொந்தச் சென்சார் ஆசையை விட்டுவிட்டு, பழையபடி எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றலாம் என்று காலையிலேயே சர்க்யூட் அக்காவின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கத்திச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மனுஷன் தன்மையாகச் சொன்னார். சர்க்யூட் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலமெல்லாம் அடுத்தவன் போர்டைப் பார்த்துப் போட்டவள், முதல் கோடு தொடங்கித் தானே யோசித்துச் செய்த ஒரே பொருள் அது.

அளவுகளை நிறைய எடுத்துச் சராசரி போட்டால் எண் அடங்கும் என்று வீட்டுக்காரர் யோசனை சொல்லியிருந்தார். அதையும் செய்து பார்த்தாள். எண் அடங்கியது, ஆனால் ஷாஃப்ட் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான், பஸ் போன பிறகு வருகிறவன் மாதிரி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. டாக்டர் நிறுத்து என்ற பிறகும் நகர்கிற கத்தி யாருக்கு வேண்டும் என்று அவரை வெளுத்து வாங்கினாள்.

மிச்சமிருந்தது பேரிங். பேரிங்தான் ஆடுகிறது என்று நாத்தனார் காதில் விழும்படியே சொன்னாள். லேத் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே. கையைக்கூடத் துடைக்காமல் வந்தாள். சென்சாரை மோட்டாரிலிருந்து கழற்றி, மோட்டார் நிற்கிற அதே இரும்பு மேஜையில், இம்மிகூட அசையாதபடி வைஸில் இறுக்கினாள்.

"இப்பப் போடுங்க அண்ணி மோட்டாரை."

போட்டாள். ஷாஃப்ட் ஆணி அடித்தது போல நிற்கிறது, எண் துள்ளுகிறது. அப்புறம் பேரிங்கை எப்படிக் குறை சொல்வது? சர்க்யூட் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை, ஆனாலும் சொன்னாள்.

"பேரிங்ல ஒண்ணுமில்ல. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்."

இதை எதிர்பார்க்காத லேத் அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் கூச்சத்தில்தான் உண்மை வெளியே வந்தது.

"அது கிடக்கட்டும் விடுங்க. உங்கமேல நம்பிக்கையில்லாம, கேபிள் ஷீல்ட நானே என் பக்கத்துல ஒரு எர்த் பண்ணி வச்சிருந்தேன். அப்பவும் இப்படி ஆடுது பாருங்க."

"உன் பக்கத்துலயா?" என்றாள் சர்க்யூட் அக்கா. "நானும் என் பக்கத்துல பண்ணிருக்கேனே."

ஷீல்டு என்பது கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக வலை. அதன் ஒரு முனையை எர்த் செய்தால் வெளி மின் இரைச்சல் தரைக்குப் போய்விடும். இரண்டு முனையிலும் செய்தால் அது ஒரு வளையம். மோட்டாரிலிருந்து கசிகிற மின்சாரம் அதில் ராஜாவாட்டம் சுற்றி வரும், எண்ணையும் கூடவே ஆட்டும். இரண்டு பேருக்கும் இது தெரியாததல்ல. அடுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தெரியவில்லை. அட பாவிகளா, ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்!

போர்டு பக்கத்து எர்த் இருக்க வேண்டும், நாத்தனாருடையதுதான் போக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை பழி போட்டவள் அதை எந்த வாயால் சொல்வாள்? லேத் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், கட்டரை எடுத்தாள், தன் பக்கத்து ஒயரைத் தானே வெட்டினாள்.

எண் நின்றது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், அணைத்துப் போட்டார்கள். கடைசி இலக்கம் கம்மென்று இருந்தது.

மத்தியானம் வந்த சோதனைக்காரர் லேசில் விடவில்லை. சென்சாரை மறுபடி மோட்டாரில் மாட்டச் சொல்லி முழு வேகத்தில் ஓட்டினார், பக்கத்தில் ட்ரில்லிங் மெஷினையும் போடச் சொன்னார், ஓடுகிற ஷாஃப்ட்டைச் சட்டென்று நிறுத்தினார். ஷாஃப்ட் நின்ற இடத்தில் எண்ணும் நின்றது. புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார்.

"எதையும் சேர்க்கல சார். ஒரு ஒயர வெட்டினோம்" என்றாள் லேத் அக்கா.

அவர் நம்பாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு முறை செய்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மணிக்கட்டுக்கு மட்டும்தான் உங்ககிட்ட கேட்டிருந்தோம். தோள், முழங்கை, எல்லா மூட்டுக்கும் இதையே போட்டுடலாம். இப்ப அங்க இருக்கறது இவ்வளவு நிதானமா நிக்கல."

அவர் கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், வீட்டுக்காரர் இது நடக்கும் என்று தனக்கு எப்போதோ தெரியும் என்று ஆரம்பித்தார். கேட்க ஆளில்லை. சர்க்யூட் அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். அப்படி ஒரு சந்தோஷம். எண்ணெய்க் கையோடு அவள் தோளைத் தட்டிய லேத் அக்கா, தோள் மூட்டுக்குப் பெரிய ஷாஃப்ட் கடைய வேண்டும், அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

சர்க்யூட் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். கோடு போடப் போனவள் நிறுத்திவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"கேபிள் எந்தப் பக்கமா வந்தா உனக்குத் தோதா இருக்கும்? நீ சொல்லு, அப்புறம் போடறேன்."